பழைய பேய், புது ரூல்புக்: எண்ணை மட்டும் மாத்தினா போதுமா?

1/
வழக்கமா இங்க சுகர், பிரஷர், டெங்கு, பாம்புக்கடின்னுதான் எழுதுவேன். இன்னைக்கு பேய்களைப் பத்தி.

'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டுல 1970கள்ல எழுதின பழைய மான்ஸ்டர்களை, இப்போ எல்லாரும் விளையாடுற ஐந்தாம் பதிப்பு ரூல்ஸுக்கு எப்படிக் கொண்டு வர்றீங்கன்னு இன்பாக்ஸ்ல சிலர் கேட்டிருந்தீங்க. பதில் நீளமா போயிடுச்சு. டீ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

2/
விளையாடாதவங்களுக்கு ஒரு நிமிஷ அறிமுகம். ஒருத்தர் கதை சொல்லுவார். அவர் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமா டிஎம். மத்தவங்க ஆளுக்கொரு கேரக்டர். வீரன், மந்திரவாதி, பூசாரி, திருடன் இப்படி. "கதவைத் திறக்கிறேன்", "வாளை ஓங்குறேன்"னு சொல்லுவாங்க. நடக்குதா இல்லையான்னு 20 முகப் பகடை முடிவு பண்ணும். எதிரிகள் எல்லாம் டிஎம் கையில.

கேரக்டர் லெவல் 1ல ஆரம்பிச்சு, அனுபவப் புள்ளி சேர்த்து மெல்ல மேல ஏறும். இந்த லெவல் விஷயத்தை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. பின்னாடி தேவைப்படும்.

3/
1974ல அமெரிக்காவுல கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கின விளையாட்டு. 1977ல 'மான்ஸ்டர் மேனுவல்'னு பேய் பூதங்களுக்கே ஒரு தனிப் புத்தகம் வந்தது. 1989ல ரெண்டாம் பதிப்பு, 2000ல மூணாவது, 2008ல நாலாவது, 2014ல அஞ்சாவது. 2024ல அதுக்கு ஒரு திருத்தப் பதிப்பு. இந்த த்ரெட்ல ஐந்தாம் பதிப்புன்னு நான் சொல்ற எண்கள் எல்லாம் 2014 புத்தகத்து எண்கள்.

ரூல்ஸ் மாறிட்டே வந்தாலும் அந்தக் காலத்து அட்வென்ச்சர் புத்தகங்கள்ல இருக்குற குகையும் கல்லறையும் இன்னும் அருமையாத்தான் இருக்கு. அதை இன்னைக்கு ஆடணும்னா உள்ள இருக்குற மான்ஸ்டர்களை மாத்தி எழுதியாகணும்.

4/
எங்க டேபிள்: காலேஜ் பேட்ச்மேட்ஸ் அஞ்சு பேர். நான் டிஎம். ஒருத்தன் இங்கிலாந்துல. ஒருத்தி மயக்கவியல். ஒருத்தன் பிஎச்சி. இன்னொருத்தன் பிஜி முடிக்கிற தறுவாயில. மாசத்துக்கு ஒரு ஞாயிறு ராத்திரி, வீடியோ கால்ல, மூணு மணி நேரம். அதுலயும் யாருக்காவது கேஷுவாலிட்டில இருந்து போன் வந்தா அரை மணி நேரம் காலி.

இதை ஏன் சொல்றேன்னா, மான்ஸ்டரை மாத்துறதுல இந்த மூணு மணி நேரமும் ஒரு கணக்கு. அங்க வர்றேன்.

5/
முதல்ல எல்லாரும் செய்யுற வழி, கூட்டல் கழித்தல்.

பழைய ரூல்ஸ்ல கவசத்தோட எண், அதாவது ஆர்மர் கிளாஸ், குறைய குறைய நல்லது. கவசமே இல்லாதவனுக்கு 10. முழு இரும்புல நிக்கிறவனுக்கு 2, 1ன்னு கீழ போகும். அடி விழுதான்னு பார்க்க 'தாக்கோ'ன்னு ஒரு எண். பேரு மட்டும் நம்ம ஊர்ச் சொல் மாதிரியே இருக்கும். புது ரூல்ஸ்ல தலைகீழ், எண் கூடினா நல்லது. மாத்துறது சுலபம்: 20ல இருந்து பழைய எண்ணைக் கழிச்சா புது எண். பழைய ட்ரோலுக்கு 4, அப்போ புதுசுல 16. புத்தகத்துல இருக்குறது 15. கிட்டத்தட்ட சரி.

இதைப் பார்த்துட்டு, "அவ்வளவுதானே, மத்ததையும் இப்படியே மாத்திடலாம்"னு தோணும்.

6/
அதே ட்ரோலோட உயிரைப் பாருங்க. 1977ல ஆறு எட்டுமுகப் பகடை, கூட 6. சராசரி 33 புள்ளி. ஐந்தாம் பதிப்பு ட்ரோலுக்கு 84.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? ஃபயர்பால் மந்திரத்தை எடுத்துக்கோங்க. பழைய ரூல்ஸ்ல லெவல் 5 மந்திரவாதி போட்டா அஞ்சு ஆறுமுகப் பகடை, சராசரி 17.5. புது ரூல்ஸ்ல அதே லெவல் 5 ஆள் அதே மந்திரம் போட்டா எட்டு பகடை, சராசரி 28. அடிக்கிறவங்க கை ஓங்கிடுச்சு. 33 புள்ளி ட்ரோலை அப்படியே தூக்கிட்டு வந்தா ஒரு ஃபயர்பால், ஒரு வாள் வெட்டு, கதை முடிஞ்சது. அது வாயைத் திறக்கிறதுக்குள்ள செத்துடும்.

7/
பீடியாட்ரிக்ஸ் போஸ்டிங்ல முதல் நாளே சொல்லிக் கொடுப்பாங்க: குழந்தைங்கிறது சின்ன சைஸ் பெரியவர் இல்லை. எடைக்கு ஏத்த மாதிரி டோஸைக் குறைச்சா போதும்னு நினைச்சா தப்பு. பச்சைக் குழந்தையோட கல்லீரலும் சிறுநீரகமும் வேற மாதிரி வேலை செய்யும். குளோராம்ஃபெனிகாலை பிறந்த குழந்தை உடம்பால கழிக்க முடியாம, நிறம் சாம்பலாகி இறந்துபோன கதை எல்லா பார்மகாலஜி புத்தகத்திலயும் இருக்கு.

மான்ஸ்டருக்கும் இதேதான். எண்ணை மாத்துறதுக்கு முன்னாடி, அந்த எண் பழைய உடம்புல என்ன வேலை பார்த்துச்சுன்னு பார்க்கணும்.

8/
என் வழி இதுதான். நல்ல பழைய மான்ஸ்டர் ஒவ்வொண்ணும் விளையாடுறவங்களைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கும். அந்தக் கேள்வியைக் கண்டுபிடிச்சு, புது ரூல்ஸ்ல அதே கேள்வியைக் கேட்க வைக்கணும். எண் எல்லாம் அப்புறம்.

ட்ரோல் கேட்கிற கேள்வி: "என்னை எதால கொல்லுவ?" வெட்டினா தானா ஆறிடும். நெருப்பும் ஆசிடும்தான் மருந்து. 1977ல அது தெரியாதவன் திணறுவான். இன்னைக்கு வீடியோ கேம் ஆடின பத்தாவது படிக்கிற பையனுக்கே தெரியும். கேள்விக்கு விடை லீக் ஆயிடுச்சு. அதனால நான் ட்ரோலை மாத்துறதில்லை, இடத்தை மாத்துவேன். அடைமழை, இடுப்பளவு தண்ணி ஓடுற குகை. நெருப்பு வேணும்னு தெரியும், ஆனா எங்க மூட்டுறது? கேள்வி திரும்ப வந்துடும். ஒரு எண்ணைக்கூடத் தொடலை.

9/
அடுத்து ரஸ்ட் மான்ஸ்டர். இதோட பிறப்பே தமாஷ். ஹாங்காங்ல செஞ்ச மலிவு பிளாஸ்டிக் பொம்மைப் பாக்கெட் ஒண்ணை கைகாக்ஸ் வாங்கினார். அதுல இருந்த விசித்திரப் பிராணி ஒண்ணுதான் இது. ஆந்தைக்கரடியும் புலெட்டும் அதே பாக்கெட்தான்.

1977 கணக்குல இது யாரையும் காயப்படுத்தாது. உணர்கொம்பால இரும்பைத் தொடும், இரும்பு துரு ஆயிடும். மந்திரக் கவசமும் தப்பாது. கவசத்தோட ஒவ்வொரு 'பிளஸ்'ஸுக்கும் 10 சதவீதம் மட்டும் தப்பிக்க வாய்ப்பு.

அது கேட்கிற கேள்வி: "உயிர் பெருசா, பொருள் பெருசா?" பெரிய வீரன் எல்லாம் வாளைத் தூரப் போட்டுட்டு கட்டையைத் தேடி ஓடுவான். பாக்கவே அவ்வளவு சிரிப்பா இருக்கும்.

10/
ஐந்தாம் பதிப்புல மந்திரப் பொருளைத் தொடாது. சாதா இரும்புக்கும் ஒரு தொடுதலுக்கு ஒரு புள்ளிதான் குறையும், அதுக்கும் முன்னாடி தப்பிக்க ஒரு சேவ் உண்டு. லெவல் 5ல எல்லார் கையிலயும் மந்திர வாள் இருக்கும். அப்போ இது வெறும் பெரிய பூச்சி.

நான் மாத்துறது ஒரே ஒரு வரி: மந்திர இரும்பையும் தொடும், ஆனா அந்தப் பொருளோட மந்திரம் அழியாது, ஒரு நல்ல கொல்லன் கிட்ட கொண்டுபோனா சரியாகும் வரை தூங்கும். பயம் இருக்கு. மூணு வருஷம் சேர்த்த பொருள் ஒரு ராத்திரில குப்பைக்குப் போகலை. கொல்லனைத் தேடிப் போறது அடுத்த கதை.

11/
இப்போ முக்கியமான ஆள். வைட். 'உயிரி'ன்னு அர்த்தம் வர்ற பழைய ஆங்கிலச் சொல்லில இருந்து வந்த பேரு. டோல்கீனோட கல்லறைமேட்டுப் பேய் வழியா விளையாட்டுக்குள்ள வந்தது. புதைகுழில இருந்து எழுந்த பழைய காலத்து வீரனோட பிரேதம்.

இந்த ஒரு பேயோட கேஸ் ஷீட்டைப் படிச்சா 50 வருஷ விளையாட்டு வரலாறே தெரிஞ்சிடும்.

12/
1977: வைட் தொட்டா ஒரு லெவல் போச்சு. தப்பிக்க சேவிங் த்ரோ கிடையாது. லெவல் 5 ஆள் லெவல் 4. கத்துக்கிட்ட மந்திரம் போகும், உயிர்ப் புள்ளி போகும், கை வேகம் போகும். திரும்ப வாங்க ஏழாம் நிலை பூசாரி மந்திரம் வேணும். அது அந்த லெவல் ஆளுங்களுக்கு எட்டாக்கனி.

2000: 'நெகட்டிவ் லெவல்'. தற்காலிக இழப்பு. 24 மணி நேரம் கழிச்சு ஒரு சேவ். தோத்தாதான் நிரந்தரம்.

2008: ஒரு 'ஹீலிங் சர்ஜ்' போகும். அதாவது அன்னைக்குத் தேறிக்க வச்சிருக்குற வாய்ப்புல ஒண்ணு.

2014: சராசரி 5 புள்ளி அடி. அதோட ஒரு சேவ், தோத்தா அந்த அளவுக்கு உச்ச உயிர்ப் புள்ளி குறையும். ஒரு ராத்திரி நல்லா தூங்கினா சரியாயிடும்.

13/
தூங்கி எழுந்தா போயிடுற பேய்க்கு யாருங்க பயப்படுவா?

இந்த இடத்துலதான் பழைய ஆட்கள், "புது ரூல்ஸ் எல்லாம் குழந்தைப் பசங்களுக்கு"ன்னு சண்டைக்கு வருவாங்க. புது ஆட்கள், "ஒரு பகடைல ரெண்டு மாச உழைப்பு போறதெல்லாம் கொடுமை"ம்பாங்க. ரெண்டு பக்கமும் பாதி உண்மை இருக்கு.

14/
பழைய ரூல்ஸ் ஏன் அப்போ தாங்கக்கூடியதா இருந்துச்சு? ரெண்டு காரணம்.

ஒண்ணு, காசு. அன்னைக்கு குகையில இருந்து கொண்டு வர்ற ஒவ்வொரு தங்கக் காசுக்கும் ஒரு அனுபவப் புள்ளி. மான்ஸ்டரைக் கொன்னா கிடைக்கிறது அதோட ஒப்பிட்டா சொற்பம். அப்போ வைட்டைப் பார்த்தா என்ன பண்ணுவீங்க? ஓடுவீங்க. ஏமாத்துவீங்க. சுத்தி வளைச்சு பின்வாசல் வழியா நகையைத் தூக்குவீங்க. லெவலை உறிஞ்சுற பேய், "இங்க சண்டை போடாதே"ங்கிற போர்டு மாதிரி. புது ரூல்ஸ்ல பெரும்பாலான டேபிள்கள்ல சண்டைதான் சம்பாத்தியம். போர்டை எடுத்துட்டு எல்லாரையும் உள்ள அனுப்பிட்டு, பேய் மட்டும் அப்படியே இருந்தா அது அநியாயம்.

15/
ரெண்டாவது, நேரம். அன்னைக்கு காலேஜ் பசங்க வாராவாரம் ஆடினாங்க. சில இடத்துல அடிக்கடி. ஒரு கேரக்டர் செத்தா பகடை உருட்டி சீக்கிரமே அடுத்தவனை உருவாக்கலாம். ஒரு பேப்பர், ஆறு எண், ஒரு பேரு.

எங்க டேபிள்ல மாசத்துக்கு மூணு மணி நேரம். அதுக்கு நாலு பேர் டூட்டி மாத்தி, வீட்டுல சொல்லி, குழந்தையைத் தூங்க வச்சுட்டு வர்றாங்க. பத்தாவது நிமிஷம் ஒரு பகடை 6 காட்டினதால ஒருத்தர் மிச்ச ரெண்டே முக்கால் மணி நேரம் ஸ்கிரீனைப் பார்த்துட்டு சும்மா உக்காரணும்னா, அது அவர் ஞாயித்துக்கிழமையைக் கொன்ன மாதிரி.

16/
அப்போ கேள்வி இப்படி மாறுது: நண்பனோட ராத்திரியைக் கெடுக்காம பேய்க்கு அதோட பயத்தைத் திருப்பிக் கொடுக்க முடியுமா?

முடியும். அதுக்கு ஐந்தாம் பதிப்பே ஒரு பாடம் வச்சிருக்கு. மெடூசா.

17/
பழைய மெடூசா: கண்ணைப் பார்த்தா ஒரு சேவ். தோத்தா கல். முடிஞ்சது.

ஐந்தாம் பதிப்பு மெடூசா: சேவ் 14. அஞ்சு அல்லது அதுக்கு மேல குறைவா உருட்டினா உடனே கல். கொஞ்சமாத் தோத்தா உடம்பு கல்லாக ஆரம்பிக்கும், நகர முடியாது, அடுத்த உங்க டர்ன் முடியும்போது இன்னொரு சேவ். அதுலயும் தோத்தாதான் முழுசா கல்.

நடுவுல கிடைக்கிற அந்த ஒரு சுத்து ரொம்ப முக்கியம். ஆபத்து அப்படியே இருக்கு. ஆனா பக்கத்துல நிக்கிறவங்க கையில ஒரு வாய்ப்பு இருக்கு.

18/
இது எனக்குப் புரிஞ்சது ஒரு ஞாயித்துக்கிழமை. மயக்கவியல் தோழி அன்னைக்கு லேட்டா வந்தா. கேமராவை ஆன் பண்ணலை. டூட்டில ஒரு கேஸ் போயிடுச்சு, அதைப் பத்திப் பேச வேணாம், ஆடலாம்னு மட்டும் சொன்னா. நாங்க எல்லாருமே அந்த மாதிரி நாளைப் பார்த்தவங்க. யாரும் எதுவும் கேக்கலை.

அன்னைக்குன்னு பார்த்து கதைல மெடூசா. பிஎச்சி நண்பனோட வீரன் கண்ணைப் பார்த்துட்டான். பகடை 5, அவனோட போனஸ் 6, மொத்தம் 11. மூணு குறைவு. கால்ல இருந்து கல் ஏற ஆரம்பிச்சுது.

19/
அடுத்த டர்ன் அவளோடது. அவ பூசாரி. ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "பிளெஸ் போடுறேன். அவன் சேவ்ல ஒரு நாலுமுகப் பகடை கூடும்தானே?"ன்னா. ஆமான்னேன். பெரிய மந்திரம் எல்லாம் இல்லை, முதல் நிலை மந்திரம்தான்.

அவன் உருட்டினான். 6. போனஸ் 6. மொத்தம் 12. போச்சுன்னு நினைச்சோம். நாலுமுகப் பகடை 2 காட்டுச்சு. 14. சரியா தேவையான எண்.

இங்கிலாந்துக்காரன் போட்ட கூச்சல்ல அவன் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார். அவ கேமராவை ஆன் பண்ணினா. கண்ணு வீங்கியிருந்துச்சு. "இன்னைக்கு ஒருத்தனையாவது நிறுத்தி வச்சுட்டேன்டா"ன்னா. அதுக்கு மேல யாரும் ஒண்ணும் சொல்லலை. அடுத்த டர்ன் ஆடினோம்.

20/
இந்தக் கதையைச் சொல்றதால பழைய ரூல்ஸ் மோசம்னு அர்த்தம் இல்லை. இங்கிலாந்துக்காரன் இன்னும் ஒத்துக்க மாட்டான். "சாவு இல்லாட்டி அது மெடூசா இல்ல மச்சான், முடியில பாம்பு வச்ச அக்கா"ம்பான். அவன் சொல்றதுலயும் விஷயம் இருக்கு. அந்த 14ஐ நாங்க கொண்டாடினதுக்குக் காரணமே, 13 வந்திருந்தா அவன் கல்லுங்கிறது எல்லாருக்கும் தெரியும். நான் டிஎம்மா இருந்து அதை மாத்தியிருக்க மாட்டேன்னும் தெரியும்.

அதனால என் விதி: சாவை எடுக்காதே. சாவுக்கு முன்னாடி ஒரு படிக்கட்டு கட்டு.

21/
அந்தப் படிக்கட்டை எங்க பார்த்துக் கத்துக்கலாம்? விஷத்துல.

1977 ராட்சதச் சிலந்தி கடிச்சா சேவ், தோத்தா சாவு. உண்மையான விஷம் அப்படி வேலை செய்யறது அபூர்வம். கட்டுவிரியனை எடுத்துக்கோங்க. தரையில படுத்துத் தூங்குறவரை ராத்திரி கடிக்கும். வலி பெருசா இருக்காது, பல் தடமும் சரியாத் தெரியாது. விடியக்காலைல வயித்து வலின்னு வருவாங்க. அப்புறம் இமை தொங்கும். பேச்சு குழறும். எச்சில் முழுங்க முடியாது. கடைசில மூச்சுத் தசை நிக்கும். ஒவ்வொரு படியிலயும் நாம செய்ய ஒரு வேலை இருக்கு: விஷமுறிவு மருந்து, ஆம்பு பேக், வென்டிலேட்டர். மூச்சைப் பிடிச்சு வச்சா ஆள் பிழைச்சு நடந்து போவார்.

பாம்பு கடிச்சா எதுவும் கட்டாம, கீறாம, நேரா ஆஸ்பத்திரிக்கு வாங்க. டாக்டர் த்ரெட்ல இந்த வரி இல்லாம எப்படி?

22/
ஐந்தாம் பதிப்புல இதுக்கு ஏத்த ஒரு கருவி ஏற்கெனவே இருக்கு. எக்ஸாஸ்ஷன், அதாவது சோர்வு. ஆறு படி. முதல் படில திறமைச் சோதனைகள்ல தடுமாற்றம். ரெண்டாவதுல வேகம் பாதி. மூணாவதுல அடியும் சேவும் தடுமாறும். நாலாவதுல உச்ச உயிர்ப் புள்ளி பாதி. அஞ்சாவதுல நகரவே முடியாது. ஆறாவதுல சாவு.

என் சிலந்தி: கடிபட்டவர் பத்து நிமிஷத்துக்கு ஒரு சேவ். தோத்தா ஒரு படி கீழ. ரெண்டு தடவை ஜெயிச்சா விஷம் முறிஞ்சது. மூணாவது படிக்கு அப்புறம் சேவே தடுமாறும்ங்கிறதால சறுக்கல் வேகம் எடுக்கும். வார்டுல பார்க்குற அதே சறுக்கல்.

கேள்வி மாறலை, "சாவியா?"ங்கிறதுதான். ஆனா இப்போ மத்த மூணு பேரும் மூலிகை தேடி ஓடுறாங்க, தோள்ல தூக்குறாங்க, திரும்பிப் போலாமா வேணாமான்னு சண்டை போடுறாங்க. கடிபட்டவரும் கடைசி வரை ஆட்டத்துல இருக்கார்.

23/
இப்போ வைட்டுக்குத் திரும்புவோம். அது கேட்ட கேள்வி: "நீ சம்பாதிச்சதை நான் எடுத்துக்கிட்டா?" உயிர்ப் புள்ளியை விட்டுடுங்க, சம்பாதிச்சது போகணும்.

என் வைட்: சேவ்ல தோத்தா உச்ச உயிர்ப் புள்ளி குறையும், தூங்கினாலும் திரும்பாது. கூடவே, தான் கத்துக்கிட்ட திறமைல ஒண்ணை விளையாடுறவரே தேர்ந்தெடுத்து ஷீட்ல அடிக்கணும். அந்தத் திறமை இப்போ வைட் கிட்ட. திருடன் பதுங்குறதை இழந்தா, அடுத்த தடவை வைட் சத்தமில்லாம வரும்.

திரும்ப வாங்க வழி: வைட்டை அதோட குழியிலயே மறுபடி கிடத்தணும். அடுத்த சூரிய உதயத்துல எல்லாம் திரும்பும். இல்லாட்டி கிரேட்டர் ரெஸ்டோரேஷன் மந்திரம், ஒரு தடவைக்கு ஒரு திறமை.

24/
இதை டேபிள்ல போட்டப்போ எந்தத் திறமையை விடுறதுன்னு பிஜி நண்பன் அஞ்சு நிமிஷம் யோசிச்சான். அவன் கேரக்டர் மருத்துவம் தெரிஞ்சவன். அதை மட்டும் விட மாட்டேன்னு வரலாற்றை விட்டான். "எக்ஸாம் வரைக்கும் வரலாறு தேவையில்ல"ன்னான்.

சிரிச்சோம். ஆனா அடுத்த வைட் வந்தப்போ நாலு பேரும் ஓடினாங்க. லெவல் 6 ஆளுங்க, கணக்குப்படி ஈஸியா ஜெயிக்கக்கூடிய சண்டை. ஓடினாங்க. 1977ல அந்தப் பேய்க்கு இருந்த மரியாதை திரும்ப வந்துடுச்சு, யாரோட ரெண்டு மாச உழைப்பும் போகலை.

25/
சில நேரம் அதிகாரபூர்வமா மாத்தினவங்களே கேள்வியை விட்டுடுவாங்க. உதாரணம், நில்பாக். இங்கிலாந்துல 'ஒயிட் டுவார்ஃப்' பத்திரிகைல வாசகர்கள் அனுப்பின மான்ஸ்டர்களை டான் டர்ன்புல் தொகுத்து 1981ல 'ஃபீண்ட் ஃபோலியோ'ன்னு வந்தது. அதுல இருக்கு. பார்க்க சாதா காப்ளின். அடிச்சா உயிர் கூடும். குணப்படுத்துற மந்திரம் போட்டாதான் சாகும்.

டாக்டருக்குன்னே செஞ்ச மான்ஸ்டர். அது கேட்கிறது: "உன் வைத்தியம் என்ன பண்ணுதுன்னு பார்த்துட்டுதான் அடுத்த டோஸ் போடுறியா?"

2016ல வந்த ஐந்தாம் பதிப்பு நில்பாக் நல்லா சிரிக்க வைக்கும். அடிக்கப் போனவர் மயங்கி அதைப் புகழ ஆரம்பிச்சுடுவார். ஆனா மருந்து கொடுத்தா சாகும்ங்கிற தலைகீழ் இல்லை. நான் அதை மட்டும் திரும்ப எழுதிக்குவேன். ஒரே நிபந்தனை, அடிக்கும்போது அதோட காயம் மூடுறதை டிஎம் வெளிப்படையா வர்ணிக்கணும். அறிகுறியை மறைச்சுட்டு நோயைக் கண்டுபிடின்னு சொல்லக் கூடாது.

26/
இன்னும் ஒண்ணு, பலர் மறக்குறது: மோரேல், அதாவது மன உறுதி. 1981 பேசிக் பதிப்புல ஒவ்வொரு மான்ஸ்டருக்கும் 2ல இருந்து 12 வரை ஒரு மோரேல் எண் உண்டு. ரெண்டு ஆறுமுகப் பகடை உருட்டி அந்த எண்ணைத் தாண்டினா ஓடிடும், இல்லை சரணடையும். ஐந்தாம் பதிப்புல இது ஓரமாப் போயிடுச்சு. அதனால எல்லாரும் கடைசி ஆள் வரை செத்து மடியுற சண்டையா போகுது.

பழைய புத்தகத்துல ட்ரோல் 1ல இருந்து 12 வரை, ஓநாய்க் கூட்டம் மாதிரி கும்பலா வரும்னு போட்டிருக்கும். மோரேல் இல்லாம அதை அப்படியே கொண்டு வந்தா ஒரு சண்டைலயே மூணு மணி நேரம் போயிடும். மோரேலையும் சேர்த்துக் கொண்டு வாங்க, பாதி ஓடிடும்.

27/
சுருக்கமா, ஒரு பழைய மான்ஸ்டரை எடுத்தா நான் பார்க்குற வரிசை:

அ) இது என்ன கேள்வி கேட்குது? ஒரே வாக்கியத்துல எழுது. எழுத வரலைன்னா அந்த மான்ஸ்டரை விடு.
ஆ) அந்தக் கேள்விக்கு விடை எல்லாருக்கும் தெரியுமா? தெரிஞ்சா இடத்தை மாத்து.
இ) மீள முடியாத இழப்பு இருக்கா? அதை எடுக்காதே, முன்னாடி படி கட்டு. ஒவ்வொரு படியிலயும் பக்கத்துல நிக்கிறவங்க செய்ய ஒண்ணு இருக்கணும்.
ஈ) இழந்ததைத் திரும்ப வாங்க வழி இருக்கணும். அது கஷ்டமா இருக்கணும்.
உ) எண் எல்லாம் கடைசில. அதே அளவு ஆபத்துள்ள ஒரு புது மான்ஸ்டரைப் பார்த்து உயிர், கவசம், அடி மூணையும் அங்கிருந்து எடுத்துக்கோ.

28/
புத்தகம் வாங்கக் காசு இல்லைன்னு கவலைப்படாதீங்க. ஐந்தாம் பதிப்போட அடிப்படை ரூல்ஸ் 2023 ஜனவரில கிரியேட்டிவ் காமன்ஸ்ல வந்துடுச்சு, இலவசம். மேல சொன்ன ட்ரோல், வைட், மெடூசா, ரஸ்ட் மான்ஸ்டர், ராட்சதச் சிலந்தி எல்லாமே அதுல இருக்கு. நில்பாக் மட்டும் இல்லை.

உங்க டேபிள்ல எத்தனை பேர், எவ்வளவு அடிக்கடி ஆடுறீங்க, யார் எந்த மாதிரி வாரத்தைக் கடந்து வந்து உக்காருறாங்கன்னு டிஎம் உங்களுக்குத்தான் தெரியும். வாராவாரம் ஆடுற காலேஜ் கேங்னா பழைய வைட்டை அப்படியே இறக்கிப் பாருங்க, அதுல ஒரு தனி ருசி இருக்கு. எங்களை மாதிரி மாசத்துக்கு ஒரு தடவைன்னா படிக்கட்டு கட்டுங்க.

உங்களுக்குப் பிடிச்ச பழைய மான்ஸ்டர் எது, அது கேட்கிற கேள்வி என்னன்னு ஒரு வரில கமென்ட்ல போடுங்க. அடுத்த செஷனுக்கு ஒண்ணு எடுத்துக்கிறேன். எங்க ஆளுங்க யாரும் கமென்ட் படிக்க வேணாம்.